பழைய அமெரிக்க டியூபாவை ஏலத்தில் எடுப்பது: படத்தில் எதைப் பார்ப்பது, எதுவரை கேட்பது

#1 பெடல்நோட்

இந்த வாரம் முடியப்போகும் மூன்று டியூபா (பித்தளை ஊதுகருவிகளில் ஆகப் பெரியது) ஏலங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. மூன்றும் அமெரிக்காவுக்குள். கான், கிங், யார்க் மூன்றும் பழைய அமெரிக்கக் கருவிப் பெயர்கள்.

முதலாவது கான் 20ஜே. மூன்று வால்வு, முன்னால் பார்க்கும் ரெக்கார்டிங் பெல் (கருவியின் விரிந்த வாய்). வெள்ளி முலாம் கரியாகக் கறுத்துக் கிடக்கிறது. விற்பவருக்கு வாசிக்கத் தெரியாது. "வால்வு நகர்கிறது, சில ஸ்லைடுகள் இறுகியுள்ளன" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது கிங், நான்கு வால்வு, கழற்றும் பெல். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. "பாலிஷ் செய்து புது லாக்கர் (மெருகுப் பூச்சு) அடித்தது" என்கிறார்கள்.

மூன்றாவது யார்க் மாஸ்டர். "சிகாகோ சிம்பொனி டியூபாவின் உடன்பிறப்பு" என்று தலைப்பு. மற்ற இரண்டின் விலையையும் கூட்டினாலும் இதன் ஆரம்ப விலைக்கு எட்டாது.

எதில் எதைப் பார்க்க வேண்டும்? விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்? எந்தத் தொகையில் நிறுத்திக்கொள்ளலாம்?

#2 ஒடுக்குக்குண்டு

பழுது பார்க்கும் செலவின் வரிசையில் சொல்கிறேன். பெரியது முதலில்.

வால்வு. பிஸ்டனுக்கும் (வால்வுக்குள் மேலும் கீழும் நகரும் உருளை) கூட்டுக்கும் நடுவே தேய்மானம் அதிகமானால் பிஸ்டனுக்கு மறுபடி முலாம் ஏற்றி, கூட்டின் உட்புறத்தைத் தேய்த்துச் சீராக்கி (ஹோன் செய்து), இரண்டையும் தேய்த்துப் பொருத்த வேண்டும். நான்கு வால்வுக்கும் இதைச் செய்தால் பல நேரம் நீங்கள் ஏலத்தில் கொடுத்த விலையையே தாண்டிவிடும். "வால்வு நகர்கிறது" என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. தேய்ந்துபோன வால்வுதான் எல்லாவற்றையும்விட வழவழப்பாக நகரும்.

விற்பவர் வாசிக்கத் தெரியாதவராக இருந்தாலும் ஒரு சோதனை செய்யச் சொல்லலாம். முதல் வால்வை அழுத்தாமல், அதன் ஸ்லைடை (இழுத்து நகர்த்தக்கூடிய வளைகுழாய்) மெதுவாக இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வெளியே இழுக்க வேண்டும். ஐந்து விநாடி காத்திருந்து வால்வை அழுத்த வேண்டும். 'டப்' என்று காற்று புகும் ஓசை கேட்டால் பிஸ்டன் காற்றை அடைத்து வைத்திருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை என்றால் கசிவு. ஒவ்வொரு வால்வுக்கும் இதைச் செய்து போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை.

அடுத்தது லீட்பைப், அதாவது மவுத்பீஸ் செருகும் இடத்திலிருந்து வால்வு வரை போகும் மெல்லிய குழாய். வாயின் ஈரமும் அமிலமும் முதலில் தாக்குவது அதையும் மெயின் ஸ்லைடையும்தான். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் சல்லடையாக நிற்கும். இதை ரெட் ராட் என்பார்கள். வெளியே இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரியும்; நடுவில் பெரும்பாலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். புள்ளி வெளியே தெரிகிறது என்றால் அரிப்பு உள்ளிருந்து சுவர் முழுக்கத் துளைத்து வந்துவிட்டது என்று பொருள். அதைப் பாலிஷ் போக்காது. குழாயையே மாற்ற வேண்டும்.

இதில் ஒரு குழப்பம் வரும். புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் லேசாகச் சிவந்து நிற்குமே, அதுபோல அமிலத்தில் கழுவிய டியூபாவும் முழுக்கச் சிவப்பாகத் தெரியும். அது மேற்பரப்பு மட்டும், தேய்த்தால் போய்விடும். ரெட் ராட் புள்ளி புள்ளியாக, குழாயின் அடிப்பக்கத்தில், ஈரம் தேங்கும் இடத்தில் இருக்கும். ஒரே சீராகச் சிவந்திருந்தால் பயம் வேண்டாம்.

மூன்றாவது காணாமல்போன உதிரிகள். வால்வின் கீழ் மூடி, மேல் மூடி, தண்டு, விரல் பொத்தான், பெல்லைப் பிடிக்கும் திருகுகள், ஒரு முழு ஸ்லைடு. திருகு சின்ன விஷயம். ஸ்லைடு இல்லையென்றால் புதிதாகச் செய்ய வேண்டும், அது சின்ன விஷயமில்லை. படத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ஸ்லைடு என்று எண்ணிப் பாருங்கள். எண்ணாமல் வாங்குகிறவர்கள் நிறைய.

இறுகிய ஸ்லைடு பெரும்பாலும் வரும். ஊடுருவும் எண்ணெய், சூடு, பொறுமை. இடுக்கிப் பல் பதிந்த தடம் தெரிந்தால் யாரோ முன்பே முயன்று தோற்றிருக்கிறார்கள். பிரேஸ் (குழாய்களைப் பிணைக்கும் தாங்கி) பற்றிலிருந்து விட்டிருக்கிறதா, குழாய் முறுகியிருக்கிறதா என்று அந்த இடத்தைக் கிட்டத்தில் படம் கேளுங்கள்.

ஒடுக்கும் கறுப்பும் கடைசி. கீழ் வளைவில் கை அளவு ஒடுக்கு என்றாலும் காந்தமும் இரும்புக் குண்டும் வைத்து உள்ளிருந்து உருட்டி எடுத்துவிடலாம். லீட்பைப்பில் பட்டாணி அளவு ஒடுக்கு வாசிப்பில் அதைவிட அதிகம் தெரியும். பெல் கழுத்தில் கூர்மையான மடிப்பு இருந்தால் மட்டும் யோசியுங்கள். மடிந்த இடத்தில் உலோகம் களைத்துப்போயிருக்கும், நிமிர்த்தும்போது வெடிக்கலாம்.

#3 சூசா26

டப் டெஸ்ட் நல்லதுதான், ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு. ஸ்லைடே லூஸா இருந்தா வால்வு நல்லா இருந்தும் சத்தம் வராது, காத்து ஸ்லைடு வழியாப் போயிடும். இன்னொண்ணு, கெட்டி எண்ணெய ஊத்தி வச்சுட்டா தேஞ்ச வால்வுகூட டப்புனு அடிக்கும். அதனால எண்ணெய் எதுவும் புதுசா விடாம டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஒரே கருவில ஒரு வால்வு மட்டும் பலவீனம்னா அதோட ஸ்லைடைச் சந்தேகப்படலாம். மூணும் செத்துப்போச்சுன்னா வால்வுதான்.

பிஸ்டன வெளிய எடுத்து வரிசையா வச்சு ஒரு படம் கேளுங்க. முலாம் போயி பித்தளை மஞ்சளாத் தெரியுதா, நீளவாக்குல கீறல் இருக்கான்னு பாக்கலாம். பிஸ்டன்ல 1, 2, 3னு எண் இருக்கும். மாத்திப் போட்டிருந்தா ஊதினா காத்தே போகாது. "ஊதினால் சத்தம் வரவில்லை, உதிரிக்காக மட்டும்"னு சல்லிசா விக்கிற சில கருவிக்கு இதுதான் நோய்.

#4 நாலாம்வால்வு

வால்வைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் சுருதியைப் பற்றிச் சொல்கிறேன், இதில் ஏமாறுபவர்கள் அதிகம்.

முதலில் எந்தக் கட்டை என்று உறுதி செய்யுங்கள். பழைய அமெரிக்க டியூபாக்களில் பெரும்பாலானவை பிபி ஃபிளாட் (சுமார் 18 அடிக் குழாய்) அல்லது இ ஃபிளாட் (சுமார் 13 அடி). சிசி (சி கட்டை) குறைவு. விற்பவர் வெறும் "டியூபா" என்று போடுவார். அந்தக் கால விலைப்பட்டியல்களில் பெரிய இ ஃபிளாட் கருவிக்கு 'மான்ஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயரையும் பெல்லின் அகலத்தையும் பார்த்து பிபி ஃபிளாட் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

உயரத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. வால்வு எதையும் அழுத்தாமல், யாராவது ஊதி, வரக்கூடிய இரண்டு சுரங்களைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சுரம் போதாது, ஏனென்றால் பி ஃபிளாட் இரண்டு கருவியிலும் வரும். பிபி ஃபிளாட்டில் திறந்த சுரங்கள் பி ஃபிளாட், எஃப், பி ஃபிளாட், டி என்று போகும். இ ஃபிளாட்டில் இ ஃபிளாட், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஜி. திறந்த எஃப் வந்தால் அது இ ஃபிளாட் கருவி இல்லை. திறந்த ஜி கேட்டால் இ ஃபிளாட்டாகவோ சிசியாகவோ இருக்கலாம்; கூடவே இ ஃபிளாட் வருகிறதா, சி வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஹை பிட்ச், அதாவது இன்றையதைவிட உயர்ந்த சுருதி. 1920க்கு முந்திய கருவிகளில் கட்டாயம் பார்க்க வேண்டியது. அப்போது ஏ=440க்குப் (இன்றைய பொதுச் சுருதி, லோ பிட்ச்) பக்கத்திலேயே ஏ=457 வரையிலான சுருதியும் பேண்டுகளில் புழங்கியது. வால்வுக் கூட்டிலோ லீட்பைப்பிலோ ஹெச்பி அல்லது எல்பி என்று முத்திரை இருக்கலாம். முத்திரை இல்லாததால் லோ பிட்ச் என்று ஆகிவிடாது.

457க்கும் 440க்கும் வித்தியாசம் சுமார் 65 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஹை பிட்ச் பிபி ஃபிளாட்டில் திறந்த பி ஃபிளாட்டை ஊதினால், ட்யூனர் பி நேச்சுரல் என்று காட்டி, அதற்கு 35 சென்ட் கீழே முள் நிற்கும். இதை 440க்குக் கொண்டுவர 5.3 மீட்டர் குழாயில் சுமார் 20 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். மெயின் ஸ்லைடுக்கு இரண்டு கால், ஆகவே ஒவ்வொரு காலையும் 10 சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். பெரும்பாலான மெயின் ஸ்லைடில் அவ்வளவு நீளம் கிடையாது. வால்வு ஸ்லைடுகள் பிரச்சினையில்லை: முதல் வால்வை ஒன்றேகால் சென்டிமீட்டர், மூன்றாவதை இரண்டு சென்டிமீட்டர் இழுத்தால் சரியாகிவிடும்.

சில கருவிகள் நீளமான லோ பிட்ச் ஸ்லைடோடு சேர்ந்தே விற்கப்பட்டன. பெட்டியின் மூலையில் "என்னவென்று தெரியாத வளைந்த குழாய்" கிடக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டாலும் நல்ல டெக்னீஷியன் ஸ்லைடை நீட்டித் தருவார். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு கேட்டால் ஹை பிட்ச் கருவி மோசமான பேரமில்லை.

மூன்று வால்வா நான்கா என்பதையும் கவனியுங்கள். மூன்று வால்வு பிபி ஃபிளாட்டில் 1-2-3 சேர்த்து அழுத்தினால் கீழ் இ வரை போகும், அதுவும் நன்றாக ஏறிப்போய் நிற்கும். அதற்கும் பெடல் பி ஃபிளாட்டுக்கும் (ஆகக் கீழான திறந்த சுரம்) நடுவில் உள்ள சுரங்களுக்கு நான்காவது வால்வு வேண்டும். 1-3க்குப் பதில் 4, 1-2-3க்குப் பதில் 2-4 என்று சுருதியும் ஒழுங்காகும். மூன்று வால்வு மலிவாகக் கிடைப்பது இதனால்தான்.

#5 கிராண்ட்ராபிட்ஸ்

மூன்றாவது ஏலத்தைப் பற்றி. தலைப்பைப் பார்த்ததும் எரிச்சல்.

சிகாகோ சிம்பொனியில் இருக்கும் இரண்டு யார்க் டியூபாக்களும் சிசி. மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராபிட்ஸ் தொழிற்சாலையில் 1930களின் தொடக்கத்தில் பிலடெல்பியா இசைக்குழுவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அதில் ஒன்றை டியூபா கலைஞர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் வாங்கி, 1944 முதல் 1988 வரை சிகாகோவில் வாசித்த காலத்தில் உலகறியச் செய்தார். கருவி செய்யும் ஹிர்ஸ்ப்ரூனரும் யமஹாவும் அதை அளந்து நகல் செய்தன. அந்த இரண்டும் விதிவிலக்கு. யார்க் சந்தைக்கு விட்ட டியூபாக்களில் பெரும்பாலானவை பிபி ஃபிளாட், இ ஃபிளாட் பேண்ட் கருவிகள். நல்ல கருவிகள்தான், ஆனால் உடன்பிறப்பு என்பது விலை ஏற்றும் வார்த்தை.

அதைவிட முக்கியமான விஷயம்: யார்க் நிறுவனம் 1940இல் கார்ல் பிஷர் கைக்குப் போனது. போருக்குப் பின் யார்க் மாஸ்டர் என்ற பெயரில் வந்த பல டியூபாக்கள் ஜெர்மனியில் பேம் அண்ட் மைன்ல் செய்தவை. கிராண்ட் ராபிட்ஸுக்கும் அவற்றுக்கும் பெயர் மட்டும்தான் தொடர்பு. விற்பவரிடம் பெல் வேலைப்பாட்டில் உள்ள எழுத்தை முழுதாகப் படம் கேளுங்கள். "கிராண்ட் ராபிட்ஸ், மிச்." இருக்கிறதா? வால்வுக் கூட்டிலோ லீட்பைப் அருகிலோ ஜெர்மனி என்று சின்னதாகப் பொறித்திருக்கிறதா? ஜெர்மன் கருவியும் வாசிக்க நன்றாகவே இருக்கும். அதற்குரிய விலையைக் கொடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஏலங்களைத் தேடுங்கள். பெரிய தொழிற்சாலைகள் இரண்டாம் தரப் பெயர்களிலும் கருவி விற்றன. பான் அமெரிக்கன், கேவலியர் என்றால் கான். கிளீவ்லாண்ட், அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்றால் கிங் கருவிகளைத் தயாரித்த ஹெச்.என். வைட் கம்பெனி. கிராண்ட் ராபிட்ஸ் பேண்ட் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி என்றால் யார்க். எல்க்கார்ட் என்ற பெயர் பியூஷர், இண்டியானா என்ற பெயர் மார்ட்டின், கலீஜியேட் ஹோல்டன். சியர்ஸ், லயன் அண்ட் ஹீலி போன்ற கடைப் பெயரில் வந்தவையும் உண்டு. வேலைப்பாடு எளிமையாக இருக்கும், சில நேரம் பழைய வடிவமைப்பாக இருக்கும். ஆனால் வால்வுக் கூட்டின் வடிவத்தையும் பிரேஸின் பாதத்தையும் பார்த்தால் எந்தத் தொழிற்சாலை என்று சொல்லிவிடலாம். பிரபலப் பெயரைத் தட்டித் தேடுகிறவர்கள் கண்ணில் இவை படுவதில்லை.

அமெரிக்கக் கடையின் பெயர் பொறித்து, ரோட்டரி வால்வு (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் வகை) இருந்தால் பெரும்பாலும் பொஹீமியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இறக்குமதி. அது வேறு கதை.

#6 சூசா26

கிங்கைப் பத்தி யாரும் சொல்லலையே. பளபளன்னு இருக்கிறதுதான் இந்த மூணுல எனக்குப் பயம்.

பாலிஷ் சக்கரத்துல பித்தளை தேயும். தடிமனான இடத்துல பரவாயில்லை, வளைவோட வெளிப்பக்கம் ஏற்கெனவே இழுபட்டு மெலிஞ்சிருக்கும், அங்க பஃப் பண்ணா தகர டப்பா மாதிரி ஆயிடும். எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெல்லில வேலைப்பாட்டு வரி மழுங்கி மூடின மாதிரி இருக்கும். சீரியல் எண் பாதி அழிஞ்சிருக்கும். குழாய் சேர்ற இடத்து வளையத்தோட விளிம்பு கூரா இல்லாம சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருக்கும். இது மூணும் இருந்தா விடுங்க.

கறுத்த வெள்ளி முலாம்னா யாரும் கை வைக்கலைன்னு அர்த்தம். அந்தக் கறுப்பு வெறும் சல்பைடு, துணியில போயிடும்.

#7 ஒடுக்குக்குண்டு

மேலே சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். பாலிஷ் செய்த எல்லாக் கருவியும் குப்பை இல்லை. கையால் செய்திருந்தால் உலோகம் அவ்வளவு போகாது. கவலை வேறு ஒன்று. புது லாக்கருக்கு அடியில் ஒட்டுப்போட்ட தகடு, பிடுங்கி ஒட்டிய பிரேஸ், வேறு கருவியின் பெல் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். லாக்கர் இல்லாத கருவியில் இவை தனி நிறத்தில் தெரியும். கிங்கில் பெல் கழன்று வருவதால் உடம்பு ஒன்று, பெல் ஒன்று என்று சேர்த்து விற்பது எளிது. பெல்லில் எச்.என். வைட், கிளீவ்லாண்ட் (கம்பெனியின் பழைய ஊர்) என்று இருந்து உடம்பின் சீரியல் எண் ஈஸ்ட்லேக் காலத்தைச் சேர்ந்ததாக இருந்தால் (கம்பெனி 1960களில் அங்கே போனது) கலவைதான். வாசிக்க அதுவும் உதவும். முழுக் கருவி விலை கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று: சூசாபோன் (தோளில் மாட்டிக்கொள்ளும் டியூபா) உடம்பை வளைத்து டியூபா ஆக்கியவையும் ஏலத்தில் வரும். பழைய பிரேஸ் இருந்த இடத்தில் வட்டமான பற்றுத் தடம், ஒன்றுக்கொன்று பொருந்தாத வளையங்கள், லீட்பைப் அசாதாரணமாகச் சுற்றிப் போவது, இவை அடையாளம். நன்றாகச் செய்தவர் கைப்பட்டது என்றால் அருமையாக வாசிக்கும், ஆனால் யார் செய்தது என்று தெரியாமல் படத்தை வைத்து வாங்குவது சூதாட்டம்.

20ஜே பற்றி: 0.734 அங்குலத் துளை (குழாயின் உள்விட்டம்), 24 அங்குல ரெக்கார்டிங் பெல், ஷார்ட் ஆக்‌ஷன் வால்வு. பிஸ்டன் குறுக்களவில் பெரியது, துவாரங்கள் நீள்வட்டம், அதனால் விரல் கொஞ்சம் அமுங்கினாலே போதும். 20கே சூசாபோனிலும் இதே வகை வால்வு என்பதால் மூடி, தண்டு, ஸ்பிரிங் கிடைப்பது கடினமில்லை. ஆனால் பிஸ்டன் அந்தந்தக் கூட்டுக்குத் தேய்த்துப் பொருத்தியது. வேறு கருவியின் பிஸ்டனை அப்படியே செருக முடியாது. தேய்ந்திருந்தால் மறுமுலாம்தான். இவை கனமான பித்தளை, 15 கிலோவைத் தாண்டும், கீழே விழுந்தும் பிழைத்தவை ஏராளம். நேராக மேலே பார்க்கும் பெல் பொருத்தினால் 24ஜே குடும்பத்து உருவம் வரும், கழுத்துப் பட்டை ஒன்றுதான். அந்த பெல் தனியாகக் கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை சொல்லவே வேண்டாம். ஆகவே ரெக்கார்டிங் பெல் பிடிக்காது என்றால் இந்தக் கருவியே வேண்டாம்.

கிங்கில் துளை 0.687. ஊதக் காற்று குறைவாகக் கேட்கும். முதல் டியூபா என்றால் அதையும் கணக்கில் வையுங்கள்.

#8 அட்டைப்பெட்டி

எல்லோரும் கருவியைப் பார்க்கிறீர்கள். கருவி வந்து சேருமா?

அனுப்பும் கட்டணத்தில் எடை முக்கியமில்லை, கன அளவுதான். ஃபெடெக்ஸ் கணக்கில் நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 139ஆல் வகுத்தால் வருவது பவுண்டு எடையாக எடுத்துக்கொள்ளப்படும். பெல் கழலாத பிபி ஃபிளாட் டியூபாவுக்கு 44×28×28 பெட்டி என்றால் 248 பவுண்டு. உண்மையான எடை 30 பவுண்டாக இருந்தாலும் இதுதான். அதோடு நீளத்தையும் சுற்றளவையும் (அகலம், உயரம் இரண்டின் இருமடங்கு) கூட்டினால் 156 அங்குலம். 130ஐத் தாண்டினால் பெரிய பெட்டிக்கான கூடுதல் கட்டணம் விழும், 165ஐத் தாண்டினால் எடுக்கவே மாட்டார்கள்.

கழற்றும் பெல் இங்கேதான் கைகொடுக்கும். பெல் தனி: 28×28×22, கூட்டினால் 128. உடம்பு தனி: 40×24×20, அதுவும் 128. இரண்டு பெட்டியும் 130க்குள் அடங்கிவிடுகின்றன. 20ஜே, கிங் இரண்டுக்கும் இது பொருந்தும். அளவை விற்பவர் அளந்து சொன்ன பிறகு நீங்களே கட்டணம் போட்டுப் பாருங்கள்.

உடைவது எப்படி என்று தெரிந்தால் கட்டுவது எளிது. ஏலத்தில் வரும் சேதத்தில் அடிக்கடி பார்ப்பது பெல் கழுத்து மடிவது. பெல்லைக் கீழே வைத்துப் பெட்டியில் நிறுத்தியிருப்பார்கள்; பெட்டி விழும்போது மொத்த எடையும் கழுத்தில் இறங்கும். அடுத்தது லீட்பைப் வளைவது, அது வெளியே துருத்திக்கொண்டிருப்பதால். மூன்றாவது, நுரைக் கடலைகள். கனமான பொருள் நடுங்க நடுங்க அவற்றை விலக்கிக்கொண்டு அடியில் போய் உட்காரும். வந்து சேரும்போது டியூபா அட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும், மேலே ஒரு அடிக்கு வெறும் நுரை.

பழைய மரப்பெட்டி அல்லது ஹார்டு கேஸ் இருந்தாலும் அது போதாது. கேஸுக்குள் கருவி ஆடினால் கேஸே சுத்தியல்.

இந்தியாவுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு: விமானக் கூரியரில் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். மேலே சொன்ன பெரிய பெட்டி சுமார் 113 கிலோ ஆகிவிடும். கருவியின் விலை அதற்குப் பக்கத்தில் சில்லறை.

#9 நாலாம்வால்வு

எங்கே ஏலம் என்பதும் முக்கியம். ஈபேயில் கடைசி விநாடியில் உச்சத் தொகையைப் போட்டால் போதும். முன்னாலேயே கேட்டு விலையை ஏற்றிவிடாதீர்கள். பள்ளிகள் உபரிப் பொருளை விற்கும் கவ்டீல்ஸ் போன்ற தளங்களில் கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும், அங்கே பதுங்கிப் பயனில்லை. அங்கே பெரும்பாலும் நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும், குறித்த நாளுக்குள். உள்ளூர் ஏலக் கூடங்கள் வாங்குபவரிடம் தனிக் கமிஷன் வசூலிக்கும். நிபந்தனையைப் படிக்காமல் கேட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். நன்கொடைக் கடைகளின் ஏலத் தளத்தில் படம் குறைவு, கேள்விக்குப் பதிலும் குறைவு. விலை குறைவாக முடிவதும் அதனால்தான்.

தேடும்போது 'டியூபா' என்று மட்டும் தேடாதீர்கள். பாரிடோன், யூஃபோனியம், பாஸ் ஹார்ன், சூசாபோன் என்று தவறாகப் போடப்பட்டவற்றில்தான் போட்டி இருக்காது.

பள்ளியின் பெயரோ சொத்து எண்ணோ பொறித்திருந்தால் உபரியாக விற்ற காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். திருட்டுக் கருவியைப் பறிகொடுத்தால் காசும் போகும்.

#10 பெடல்நோட்

மூவரிடமும் கேட்டேன்.

யார்க்: வால்வுக் கூட்டில் ஜெர்மனி பொறிப்பு இருக்கிறது. விட்டுவிட்டேன்.

கிங்: சீரியல் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் படிக்க முடியவில்லை. வேலைப்பாடு மழுங்கல். டப் சோதனை செய்ய மறுத்துவிட்டார்.

20ஜே: மெயின் ஸ்லைடும் மூன்றாம் ஸ்லைடும் இறுகியிருக்கின்றன. முதல் வால்வு நன்றாக டப் அடிக்கிறது, இரண்டாவது கொஞ்சம் மெதுவாக. மூன்றாவதைச் சோதிக்க முடியவில்லை. பிஸ்டன் படத்தில் முலாம் முழுதாக இருக்கிறது, இரண்டாவதில் ஒரு நீளக் கீறல். திறந்த சுரம் பி ஃபிளாட், எஃப். ட்யூனரில் 10 சென்ட் தாழ்வு. லீட்பைப்பில் புள்ளி இல்லை, மெயின் ஸ்லைடு வளைவின் அடியில் ஒரே ஒரு இளஞ்சிவப்புப் புள்ளி. பெல் திருகு மூன்றில் ஒன்று இல்லை. கீழ் வளைவில் இரண்டு பெரிய ஒடுக்கு. ஏலம் இப்போது 310 டாலர்.

#11 ஒடுக்குக்குண்டு

10 சென்ட் தாழ்வு என்றால், குளிர்ந்த கருவி, வாசிக்கத் தெரியாத உதடு. ஹை பிட்ச் இல்லை என்பது நிச்சயம். ஆனால் மெயின் ஸ்லைடு எந்த இடத்தில் இறுகியிருக்கிறது? முழுக்க உள்ளே இருக்கும்போது இறுகியிருந்தால் நல்லது. வெளியே இழுத்த நிலையில் இறுகியிருந்தால் விடுவித்த பிறகு சுருதி ஏறும், அதுவும் நல்லதுதான், ஆனால் வெளியே நின்ற பகுதி அரித்திருக்கும். அந்தக் கால்களின் படம் ஒன்று கேளுங்கள்.

இரண்டாம் வால்வின் கீறல் நகத்தில் தட்டுப்படுகிறதா என்று கேளுங்கள். தட்டுப்படாவிட்டால் மறந்துவிடலாம். மெயின் ஸ்லைடு வளைவு மாற்ற வேண்டி வரலாம், உடனே இல்லை. திருகுக்குப் புரியின் அளவு பார்த்து எந்தக் கடையிலும் செய்துகொள்ளலாம்.

#12 நாலாம்வால்வு

கணக்கு போடுவோம். இதே மாடல், வாசிக்கும் நிலையில், முடிந்த ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். உதாரணத்துக்கு 1,500 என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடு விடுவித்து, இரசாயனக் கழுவல், ஃபெல்ட், கார்க், ஒடுக்கு எல்லாம் சேர்த்து டெக்னீஷியன் 450 சொன்னால் மிச்சம் 1,050. இரண்டு பெட்டி அனுப்ப 300 போனால் 750. விற்பனை வரி பொருளுக்கு மட்டுமின்றி அனுப்பும் கட்டணத்துக்கும் பல மாநிலங்களில் உண்டு. 7 சதவீதம் என்றால் 70 டாலர் போகும். மிச்சம் 680. மூன்றாம் வால்வைச் சோதிக்கவில்லை, மெயின் ஸ்லைடு புள்ளி ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து 130 கழியுங்கள். 550. அதை ஒரே தடவை, கடைசி பத்து விநாடியில் போடுங்கள். 551க்குப் போனால் போகட்டும்.

உங்கள் ஊர் டெக்னீஷியன் சொல்லும் தொகையை வைத்து இதை மாற்றிக்கொள்ளுங்கள். ஏலம் முடிந்த பிறகு கேட்பதில் பயனில்லை, இன்றே போன் செய்யுங்கள்.

#13 சூசா26

550 கொஞ்சம் கஞ்சத்தனம். வெள்ளி முலாம், யாரும் கை வைக்காதது, முலாம் தேயாத பிஸ்டன். நானா இருந்தா 625.

#14 நாலாம்வால்வு

இரண்டாம் வால்வின் கீறல் நகத்தில் தட்டாது என்று பதில் வந்தால் 625க்கு ஒத்துக்கொள்கிறேன்.

#15 அட்டைப்பெட்டி

எது கேட்டாலும், ஜெயித்தால் காசு கட்டும் முன்பே விற்பவருக்கு இதை அப்படியே அனுப்புங்கள்:

பெல்லையும் உடம்பையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். பிஸ்டன்கள் கூட்டிலேயே இருக்கட்டும், மூடிகளைக் கையால் இறுக்குங்கள், இடுக்கி வேண்டாம். விரல் பொத்தான்களுக்கு மேல் அட்டைத் துண்டு வைத்துக் கட்டி, அவை அமுங்காதபடி செய்யுங்கள். கழன்று வரும் முதலாம், இரண்டாம் ஸ்லைடுகளைத் துணி நாடாவால் உடம்போடு கட்டுங்கள். லாக்கரிலோ வெள்ளியிலோ பசை டேப்பை நேரடியாக ஒட்ட வேண்டாம். லீட்பைப்பைச் சுற்றிக் குழாய் காப்பு நுரை, அதற்கு மேல் அட்டை. உடம்பை முழுதாகக் குமிழி உறையில் சுற்றி, எல்லாப் பக்கமும் குறைந்தது மூன்று அங்குலம் கெட்டி நுரைப் பலகை. குலுக்கினால் அசையக் கூடாது. பெல்லின் உள்ளே கசக்கிய காகிதத்தை இறுக்கமாக அடைத்து, விளிம்பு பெட்டியின் எந்தச் சுவரையும் தொடாதபடி அட்டை வளையத்தில் நிறுத்துங்கள். பெல்லுக்குள் மவுத்பீஸ், திருகு எதையும் போட வேண்டாம். அந்த இரண்டு திருகும் தனி உறையில், உடம்புப் பெட்டியின் மூடியில் ஒட்டி.

கட்டி முடித்ததும் திறந்த பெட்டியின் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். சேதம் என்று கோரிக்கை வைக்க வேண்டி வந்தால் அந்தப் படத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.